வியாழக்கிழமை, இரண்டிலிருந்து நான்கு வரை

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் குடியேறிய முதல் வருஷம் ஜெயலீலாவுக்கு யார் பேசும் ஆங்கிலமும் முழுசாகப் புரியவில்லை. பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. வரை ஆங்கிலத்தில் படித்தவள்தான். ஆனால் இங்கே கடைக்காரர்களும், மகள் ஜெபினாவின் டீச்சரும், டெலிபோனில் கூப்பிடுகிறவர்களும் வார்த்தைகளில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை அவசரமாக வெளியே தள்ளினார்கள். ஒரே ஒரு மனிதர் வாய் திறந்தால் மட்டும் ஒரு சொல் விடாமல் புரிந்தது. அவர் எல்வுட் ஹாஸ்கின்ஸ்.

வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷத்தில் ஒரு சின்ன எபிஸ்கோபல் கிறிஸ்தவ ஆலயம் இருந்தது. ஜெயலீலாவும் அவள் கணவன் சுவிசேஷமுத்துவும் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்கள். ஆராதனை முறை ஏறக்குறைய நம்முடையதுதான் என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார்கள். முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே இவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்ததைப் பார்த்து அந்தக் கிழவர்களும் கிழவிகளும் ஆச்சரியப்பட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறும் போனார்கள். அப்படியே நான்கு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஆலயத்தில் முப்பது வருஷமாக வேதபாடம் வாசித்தவர் எல்வுட். நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நெட்டையான ஆள். வாசிப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். பிறகு ஒவ்வொரு சொல்லையும் தரையில் கல் பதிப்பதுபோல் வைப்பார். ஆராதனை நடுவில் சமாதானம் சொல்லிக் கை குலுக்கும்போது ஜெயலீலாவை "மிசஸ் முத்து" என்பார். அதற்கு மேல் அவளோடு அவர் பேசியதில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்கத்தான் தான் அங்கே போகிறோமோ என்று அவளுக்குச் சில சமயம் தோன்றும்.

1997 பிப்ரவரியில் எல்வுட்டுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போய்விட்டது. சுத்தமாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. 'பட்டன்.' தண்ணீர் வேண்டுமென்றாலும் பட்டன், ஜன்னலை மூடச் சொன்னாலும் பட்டன், கோபம் வந்தாலும் பட்டன். ஏன் அந்த வார்த்தை என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அடுத்தவர் பேசுவது அவருக்கு நன்றாகப் புரிந்தது. தான் சொல்ல நினைப்பது வேறு, வாயில் வருவது வேறு என்பதும் புரிந்தது. அதுதான் கொடுமை.

மார்ச் கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் இல்லை. மனைவி மார்ஜரிக்கு அறுபத்தொன்பது வயது, ஒல்லியான உடம்பு. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் காபி குடிக்கும் கூடத்தில், குருவானவர் கேத்லீன் அம்மா ஒரு தாளை ஒட்டிவைத்தார். மார்ஜரி கொஞ்சம் வெளியே போய் வரவேண்டும், தூங்கவேண்டும். தினமும் பிற்பகல் இரண்டு மணி நேரம் யாராவது எல்வுட்டோடு உட்கார முடியுமா என்று கேட்டிருந்தார். ஜெயலீலா காபியை வாங்கிக்கொண்டு தாளருகே போவதற்குள் ஏறக்குறைய எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டிருந்தது. எழுபத்தெட்டு வயசுக்காரர் ஒருவர் இரண்டு நாளில் பெயர் எழுதியிருந்தார். வியாழக்கிழமை மட்டும் காலி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வியாழக்கிழமை அரை நாள் வேலைதான். எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் பயம் வந்தது.

முதல் வியாழக்கிழமை காது கேளாதவரிடம் பேசுவதுபோல் சத்தமாகப் பேசினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் செய்தித்தாளை வாசித்துக் காட்டினாள். முப்பது வருஷம் பிறருக்கு வாசித்தவருக்குத் தான் வாசித்துக் காட்டுகிறோமே என்று பாதியில் நாக்குக் குழறியது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவது வாரம் இரண்டு மணி நேரமும் சும்மாவே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, தன்னால் அங்கே எந்த உபயோகமும் இல்லை என்று கணவனிடம் சொன்னாள்.

"உபயோகம் இருக்கணும்னு யாரு சொன்னா?" என்றான் சுவிசேஷமுத்து. "நீ அங்க இருக்கே. அந்தம்மா ரெண்டு மணி நேரம் நிம்மதியா ஷாப்பிங் பண்ணுது. போதாதா?"

மே மாதம் முதல் தேதி வியாழக்கிழமை. மார்ஜரி கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். எல்வுட் எதையோ கேட்டார். பட்டன் என்றார். ஜெயலீலா தண்ணீரைக் காட்டினாள், இல்லை. போர்வையா? இல்லை. ரேடியோவா? இல்லை. பட்டன், பட்டன் என்று அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. இடது கையை வீசினார். மேசைமேல் இருந்த டீ கோப்பை பறந்து போய்ச் சுவரில் மோதி உடைந்தது. அவளைப் பார்த்து எறிந்ததல்ல. ஆனால் உடைந்ததைப் பார்த்ததும் அவர் அழ ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய மனிதர், வாயின் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, சத்தம் வராமல் அழுதார்.

ஜெயலீலா துண்டுகளைப் பொறுக்கினாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், என்ன செய்வதென்று தெரியாதபோது என்ன செய்வார்களோ அதையே செய்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் கர்த்தருடைய ஜெபத்தைத் தமிழில் சத்தமாகச் சொன்னாள். அவருக்குப் புரியாதே என்ற நினைப்பே வரவில்லை. தனக்காகத்தான் சொன்னாள். ஆமென் என்று முடித்துக் கண்ணைத் திறந்தபோது எல்வுட் அழுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமென் என்ற அந்த ஒரு சொல்தான் அவருக்குப் பிடிபட்டிருக்கவேண்டும். அவள் மறுபடி ஆரம்பித்தாள், இந்த முறை ஆங்கிலத்தில், மெதுவாக. முதல் வரி முடிவதற்குள் அவர் உதடு அசைந்தது. இரண்டாவது வரியில் மூச்சுப் போல ஏதோ வந்தது. மூன்றாவது வரியில் குரல் வந்துவிட்டது.

ஜெயலீலா நிறுத்திவிட்டாள். அவர் நிறுத்தவில்லை. தனியாகப் போனார். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்டார், மன்னிப்பைக் கேட்டார், ஒரு சொல் பிசகவில்லை, ஒரு சொல் விழுங்கவில்லை. ஆலயத்தில் இப்போது சொல்கிற புதிய வாசகம்கூட அல்ல. சிறு பையனாக இருந்தபோது படித்த பழைய வாசகம். அதே குரல். ஒவ்வொரு கல்லாகப் பதித்துக்கொண்டு கடைசிவரை போய் ஆமென் என்று நின்றார்.

அறையில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. ஜெயலீலாவுக்கு எழுந்து நிற்கவேண்டும்போல் இருந்தது, நின்றாள். தன் வாயிலிருந்து வந்ததை நம்பமுடியாமல் எல்வுட் இடது கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

"பட்டன்" என்றார்.

நான்கு மணிக்கு மளிகைப் பைகளோடு வந்த மார்ஜரி இதை நம்பவில்லை. நம்பிவிட்டால் எங்கே ஏமாந்துபோவோமோ என்று பயந்தவள்போலப் பைகளைக் கீழே வைக்காமலே நின்றாள். ஜெயலீலா முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள். எல்வுட் பிடித்துக்கொண்டார். அவர் முடிக்கும்வரை மார்ஜரி கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இருந்த பையில் ஐஸ்கிரீம் உருகிக் கீழே சொட்டியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சுவிசேஷமுத்து விளக்கம் கொடுத்தான். மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி செய்கிறவன். இதெல்லாம் அவனுக்குக் கொஞ்சம் தெரியும். நாமாக யோசித்துப் பேசும் பேச்சு மூளையில் ஒரு இடத்தில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்ன ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, இதெல்லாம் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கலாம்.

"இது தெரிஞ்ச விஷயம்தான் லீலா. ஸ்பீச் தெரப்பிஸ்ட்டைக் கேட்டா அவங்களே எக்ஸ்ப்ளெயின் பண்ணுவாங்க."

"இருக்கட்டும். காரணம் தெரிஞ்சுட்டா ஆச்சரியம் போயிடுமா? நீங்க அங்க இருந்திருக்கணும்."



மே நடுவில், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எல்வுட்டைச் சக்கர நாற்காலியில் ஆலயத்துக்குக் கூட்டிவந்தார்கள். படியில் நான்கு பேர் தூக்கினார்கள். நான்கு பேருக்குமாகச் சேர்த்து வயது முந்நூறு இருக்கும். நடந்ததை மார்ஜரி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஜெயலீலாவும் சொல்லவில்லை. கர்த்தருடைய ஜெபம் சொல்லும் இடம் வந்ததும் வழக்கம்போல் எல்லாரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். எல்வுட்டின் குரல் எழுந்தது. முதலில் முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்தினார்கள். யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. பாதி ஜெபத்துக்குள் அந்த ஆலயம் முழுவதும் வாயை மூடிக்கொண்டது; ஒரே ஒரு குரல் அத்தனை பேருக்காகவும் ஜெபித்தது. பழைய வாசகத்தில்தான். பீடத்தில் நின்ற கேத்லீன் அம்மாவின் கைகள் விரித்தபடியே இருந்தன. கடைசி ஆமெனை மட்டும் முப்பத்தைந்து பேரும் சொன்னார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தாலே ஜெயலீலா ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் ஜூன் பன்னிரண்டாம் தேதியும் வியாழக்கிழமையாக வந்தது.

இரண்டு மணிக்கு அவள் போனபோது மார்ஜரி நீலப் பட்டு உடுப்பு போட்டுக்கொண்டு நின்றாள். கையில் அட்டை கழன்ற ஒரு பழைய ஜெபப் புத்தகம்.

"லீலா, இன்னிக்கு நான் வெளியே போகல" என்றாள். "எங்களுக்குக் கல்யாணம் ஆகி இன்னியோட நாற்பத்தொரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் காலையில காபி குடிச்சதும், கல்யாணத்தன்னிக்கு ஆலயத்துல சொன்ன உடன்படிக்கையை மறுபடி சொல்லுவோம். சும்மா, எங்க ரெண்டு பேருக்குள்ள. இன்னிக்குக் காலையில எனக்குத் தைரியம் வரல. நீ பக்கத்துல இரு."

எல்வுட் சலவை செய்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். மார்ஜரி அவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு அவருடைய வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லையென்று தெரிந்தும். புத்தகத்தைத் திறந்தாள். மணமகன் சொல்லவேண்டிய பகுதியை அவளே ஆரம்பித்தாள். முதலில் அவர் பெயர் வரும். சொன்னாள். அவர் உதடு அசைந்தது. அடுத்த இரண்டு சொல்லில் அவர் கூடச் சேர்ந்துகொண்டார். அதற்கு அடுத்து வருவது மணமகளின் பெயர்.

அந்த இடத்தில் மார்ஜரி நின்றுவிட்டாள். வேண்டுமென்று நின்றாளா, குரல் வராமல் நின்றாளா என்று ஜெயலீலாவுக்குத் தெரியாது. நான்கு மாதமாக அந்தப் பெயரை அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். தெரப்பிஸ்ட் எழுதிக் காட்டியிருக்கிறார், படத்தைக் காட்டியிருக்கிறார். வந்ததெல்லாம் பட்டன்தான்.

எல்வுட் அவளைப் பார்த்தார்.

"மார்ஜரி எலினார்" என்றார்.

எலினார் என்று அவளுக்கு இன்னொரு பெயர் இருப்பதே ஜெயலீலாவுக்கு அன்றுதான் தெரியும். அந்த வீட்டிலோ ஆலயத்திலோ யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் நிற்கவில்லை. நல்லதிலும் கெட்டதிலும், நோயிலும் சுகத்திலும் என்று ஒவ்வொரு சொல்லாகப் போனார். கடைசியில் சாவு மட்டுமே பிரிக்கும் என்ற இடத்தையும் தயங்காமல் தாண்டினார். மார்ஜரி தன் பங்கைச் சொன்னாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஜெயலீலா சுவரோரம் நின்றாள். மூச்சு விட்டால்கூடச் சத்தம் கேட்குமோ என்று பயமாக இருந்தது. வேதத்தில் கடவுளுக்கு முன்னால் மோசே செருப்பைக் கழற்றிய இடம் நினைவுக்கு வந்தது. தன் செருப்பை அவள் வாசலிலேயே விட்டிருந்தாள்.

முடிந்ததும் மார்ஜரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போ சொல்லு, என் பேர் என்ன?" என்று கேட்டாள்.

எல்வுட் ஆழமாக மூச்சிழுத்தார். "பட்டன்" என்றார்.

மார்ஜரி சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து ஜெயலீலா பார்த்ததில்லை. எல்வுட்டும் ஒரு பக்க வாயால் சிரித்தார். ஜெயலீலாவும் சிரித்தாள், அழுதாள், இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எல்வுட் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். ஆமாம், இல்லை, காபி, குளிர் என்று ஏழெட்டு வார்த்தைகள் திரும்பின. மார்ஜரியின் பெயர் தனியாக ஒருநாளும் வரவில்லை. அதனால் அவர்கள் ஆண்டுக்கொரு தடவை சொன்னதைத் தினமும் சொல்ல ஆரம்பித்தார்கள், காலைக் காபி முடிந்ததும். அந்தப் பெயர் இருந்த இடம் அது ஒன்றுதான். கேட்கவேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் போகவேண்டும். ஆலயக் கூடத்தில் ஒட்டியிருந்த தாள் நான்கு முறை மாறியது. வியாழக்கிழமைக் கட்டத்தில் மட்டும் பெயர் மாறவில்லை.

அந்த ஜூன் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஜெயலீலா சமையலறையில் நின்றுகொண்டே கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுவிசேஷமுத்து இந்தத் தடவை மூளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். "நம்ம கல்யாணத்துல சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

"நீங்க முதல்ல சொல்லுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னான், அவள் பெயரைச் சொன்னான், அதற்கு மேல் தட்டுத் தடுமாறினான். அவள் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாள். அது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. பெட்டியிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்துவரத் திரும்பினாள். அவன் அவள் கையை விடவில்லை. ஹோம்வொர்க் நோட்டோடு படியிறங்கி வந்த ஜெபினா, வெந்தும் வேகாத சோற்றையும் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாட் ஆர் யூ கைஸ் டூயிங்?" என்றாள்.

"பசிச்சா பிஸ்கட் எடுத்துக்கோம்மா" என்றான் சுவிசேஷமுத்து. "கொஞ்சம் லேட் ஆகும்."