டார்ப்பி கடைக்கு எட்டுக் கிளை முளைத்த கதை

1

இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. பாலினா ஊரில் டார்ப்பி ஜவுளிக்கடையில் பதினாறு வருடமாகத் திரைச்சீலை வெட்டுகிறவள் நான். எட்டாவது கிளைத் திறப்புக்குக் குடும்ப வரலாறு வேண்டுமாம்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே பிரீஜ், எழுதித் தொலை" என்றாள் முதலாளி அட்ராக்டா.

'தொலைநோக்கும் ஒற்றுமையும் கொண்ட ஒரு குடும்பம்...'

(அடித்துவிட்டேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?)

2

டார்ப்பி வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை போடமாட்டார்கள். பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் எட்டுப் பேர். மூத்தவனோடு பேச்சு முறிந்ததும் அடுத்தவன் டூவம் ஊருக்குப் போய் அதே பெயரில் கடை போட்டான். கல்யாண விருந்தில் மூலையில் உட்காரவைத்த கோபத்தில் முளைத்தது ஸ்லைகோ கிளை. இப்படி ஆறு கோபத்துக்கு ஆறு கிளை, பாலினா கடையோடு சேர்த்து ஏழு. போனவர் ஒருவர்கூடத் திரும்ப இந்த வாசலை மிதிக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் இதைத் திட்டமிட்ட வளர்ச்சி என்கிறார்கள். என்னத்தைச் சொல்ல?

3

மிச்சம் அட்ராக்டாவும் தம்பி மலாக்கியும். சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் சிறுமிகளுக்கான வெள்ளைக் கவுன்களை மலாக்கி அவளைக் கேட்காமல் கண்ணாடி ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டான். அது நடந்து பதினோரு வருடம். அன்றிலிருந்து பேச்செல்லாம் என் வழியாகத்தான், இருவரும் மூன்றடி தள்ளி நின்றுகொண்டே.

"பிரீஜ், மழைக்கோட்டு வந்திருக்குன்னு அவன்கிட்ட சொல்லு."

"கேட்டுச்சுன்னு அக்காகிட்ட சொல்லு."

"கேட்டுச்சாம்."

"அவனுக்குக் காது நல்லாத்தான் இருக்கு, எனக்குத் தெரியாதா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

(இதையும் எழுதியாக வேண்டும்: அவன் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் சூப் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பியவள் அவள்தான். "யார் வெச்சதுன்னு மூச்சு விடாதே" என்றாள். அவன் கிண்ணத்தை வழித்துவிட்டு, "உப்பு ஜாஸ்தின்னு அக்காகிட்ட சொல்லு" என்றான்.)

4

எட்டாவது கிளை மலாக்கியுடையது. இன்று காலை அத்லோனுக்குக் கிளம்புகிறான்.

முடிவு ஒன்று: அவள் ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொள்கிறாள். (அட்ராக்டாவா? போங்கள்!)

முடிவு இரண்டு: வேன் போய்விடுகிறது. அவள் தனியாகக் கடைக்குள்...

(எழுத மனம் வரவில்லை.)

நடப்பது இதுதான். வாசலில் வேன் உறுமுகிறது. மலாக்கி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அக்காவுக்கு ஏதாவது சொல்லணுமான்னு கேளு பிரீஜ்."

அடுக்கிய கையுறைகளையே திரும்ப அடுக்குகிறாள் அவள். "அவன்கிட்ட சொல்லு..." என்கிறாள். அதற்குமேல் வரவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா? எனக்கு ஆத்திரமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

"நீங்களே சொல்லுங்க அட்ராக்டா. அவரு அங்கதான் நிக்கிறாரு."

அவள் இன்னொரு கையுறையை எடுத்து மடிக்கிறாள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். அவள் சொல்லவந்தது உங்களுக்கும் தெரியும். பொறுக்க முடியாவிட்டால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சீக்கிரம், அவன் தொப்பியைப் போடுகிறான்.