அப்புஹாமியின் கழுத்தும் எட்வினின் மூச்சும்

திரையில் எத்தனை தடவை செத்தோம் என்ற கணக்கு எட்வின் கொடமுன்னவுக்கே தெரியாது. பாம்பு கடித்துச் செத்திருக்கிறார். கள்ளுத் தவறணையில் கத்திக்குத்து வாங்கிச் செத்திருக்கிறார். மகள் ஓடிப்போன செய்தி கேட்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்திருக்கிறார். சிங்களப் படத்தில் கதாநாயகனின் அப்பாவோ மாமாவோ இடைவேளைக்கு முன் கண்ணை மூடவேண்டியிருந்தால் எட்வினைத்தான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூட விடமாட்டான்.

"என்ன மாத்தயா, போன கிழமைதானே உங்களைப் புதைச்சோம்?"

"மண்ணு கொஞ்சம் ஈரம்டா. அதான் எழும்பி வந்துட்டேன்" என்பார் எட்வின்.

அவர் சாகும் விதம் தனி. கத்தமாட்டார், துடிக்கமாட்டார். பல படங்களில் அவருக்கு மனைவியாக நடித்த பத்மசீலி ஒருமுறை காரணம் கேட்டாள். "சாகப்போறவன் ஆர்ப்பாட்டம் பண்ணமாட்டான் தங்கச்சி. பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தொந்தரவு குடுக்கிறோமேன்னுதான் கூச்சப்படுவான்" என்றார்.

டைரக்டர் தென்னக்கோனுக்கு இதுதான் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் சினிமா படித்துவிட்டு வந்த மனிதர். வெள்ளைக்காரன் காலத்தில் வரி கொடுக்க மறுத்துத் தூக்கில் தொங்கிய அப்புஹாமி என்ற ஊர்த்தலைவனின் கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தார். எட்வின்தான் அப்புஹாமி, பத்மசீலி அவன் மனைவி; கதாநாயகன் அவன் மகன். ஒவ்வொரு ஷாட்டிலும், "முகத்துல ஒண்ணுமே தெரியலையே எட்வின்! இன்னும் குடுங்க, இன்னும்!" என்று கத்துவார். எட்வின் தலையாட்டுவார். அடுத்த தடவையும் அதையேதான் செய்வார்.

தூக்குக் காட்சியை ஹங்குராங்கெத்தைக்கு அப்பால், வயலோரத்து மாமரம் ஒன்றில் எடுத்தார்கள். செட் வேலைக்காரர் சரணேலிஸ் ஏற்பாடுகளைச் செய்தார். சட்டைக்குள்ளே தோல்கச்சை, முதுகுப்பக்கம் ஒரு கொக்கி, கிளையிலிருந்து இறங்கும் மெல்லிய கம்பி அந்தக் கொக்கியில் மாட்டி உடம்பின் பாரத்தைத் தாங்கும். கழுத்தில் கிடக்கும் கயிறு பார்வைக்கு மட்டும். எட்வின் மாட்டுவண்டியில் நிற்பார், வண்டி நகரும், அவர் தொங்குவார். கைகளைப் பின்னால் நிஜமாகவே இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தார் தென்னக்கோன்.

"ஸ்டார்ட்!"

வண்டி நகர்ந்தது. எட்வினின் கால் பலகையை விட்டு விலகியது. முதுகில் ஏதோ 'டக்' என்றது. கொக்கி கழன்றுவிட்டது என்று அவர் புரிந்துகொள்வதற்குள் கயிறு கழுத்தை இறுக்கிவிட்டது.

கத்த முயன்றார். குரல் இல்லை. கையை ஆட்ட முயன்றார். கட்டு. உதவி கேட்க மிச்சமிருந்தது கால்கள் மட்டும்தான். இரண்டையும் உதறினார். கண்கள் பிதுங்கின, முகம் கறுத்தது.

"ஆஹா!" என்றார் தென்னக்கோன். "இதைத்தானே இவ்வளவு நாளா கேட்டேன்! கேமராவை நிப்பாட்டாதீங்க!"

எதிரே, சிப்பாய் வேடம் போட்ட இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்க, பத்மசீலி அழுதுகொண்டிருந்தாள். உதறும் அந்தக் கால்களைப் பார்த்ததும் அவள் அழுகை நின்றது. இந்த மனுஷன் இப்படிச் சாகமாட்டாரே.

சிப்பாய்களைத் தள்ளிவிட்டு ஓடினாள். எட்வினின் கால்களைக் கட்டிப்பிடித்து, பலங்கொண்ட மட்டும் மேலே தூக்கினாள். "அறுங்கடா! கயித்தை அறுங்கடா!"

யாரும் அசையவில்லை. தென்னக்கோன் கேமராக்காரரின் தோளை அழுத்தி, "கதையில இல்லாட்டியும் பரவாயில்ல, எடு, எடு" என்று கிசுகிசுத்தார். அவளும் நடிக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பாரம் அவள் பிடியிலிருந்து வழுக்கியது.

"எட்வின் அண்ணே! மூச்சை விட்டுடாதீங்க எட்வின் அண்ணே!"

அப்போதுதான் சரணேலிஸுக்கு உறைத்தது. அப்புஹாமியின் மனைவி எதற்கு எட்வினைக் கூப்பிடுகிறாள்? இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு மரத்தில் பாய்ந்து ஏறிக் கயிற்றை வெட்டினார். எட்வின் பத்மசீலியின்மேல் சரிந்தார்.

உயிர் பிழைத்தார். பல நாள் கஞ்சியைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. சரணேலிஸ் கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதபோது, அவர் கையைத் தட்டிக்கொடுக்கத்தான் எட்வினால் முடிந்தது. குரல் திரும்பியதும் தென்னக்கோன் அவரைக் கொழும்புக்கு அழைத்துப்போய், கழுவி வந்த படச்சுருளைப் போட்டுக் காட்டினார். பத்மசீலியும் கூட வந்திருந்தாள்.

திரையில் அந்த முகம் வந்தது. எட்வின் பார்த்தார். குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல உடம்பு கூசியது. அங்கே அப்புஹாமி இல்லை. வரியை எதிர்த்து நின்றவன், வெள்ளைக்காரனிடம் தலைகுனியாதவன், எவனும் இல்லை. காற்றுக்காகக் கெஞ்சும் எட்வின் மட்டும்தான் இருந்தார்.

"உலகமே பேசும் எட்வின்" என்றார் தென்னக்கோன். "இவ்வளவு உண்மையான மரணத்தை யாரும் காட்டினதில்ல."

"உண்மைதான் மாத்தயா. ஆனா அது என்னோட உண்மை. நீங்க என்னைக் கூப்பிட்டது அப்புஹாமிக்கு."

"பார்க்கிறவனுக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே. திரும்ப எடுங்க. நான் தொங்குறேன்."

தென்னக்கோன் சிரித்துவிட்டார். "பைத்தியமா? செத்துப் பிழைச்சவர் நீங்க. இந்த ஷாட்தான் படத்துல வரும். முடிஞ்ச கதை."

எட்வின் எழுந்தார். அந்தக் காலத்தில் படம் எடுத்து முடித்த பிறகுதான் குரல் சேர்ப்பார்கள். அதுவரை எடுத்த படம் முழுக்க அப்புஹாமி ஊமையாகவே இருந்தான். "அப்போ குரலுக்கு வேற ஆளைப் பாருங்க மாத்தயா. அந்தத் திரையில தொங்குறவனுக்காக நான் வாய் திறக்கமாட்டேன்."

"மிரட்டுறீங்களா?"

"எனக்கும் வேற ஆளைப் பாருங்க" என்று பத்மசீலியும் எழுந்தாள். "அன்னைக்கு நான் கத்தினது உங்க படத்துக்கு இல்ல."

தென்னக்கோன் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். வேறு இரண்டு பேரைக் கூட்டிவந்து பேசவைத்தும் பார்த்தார். ஒட்டவில்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாக மறுபடியும் அதே வயலோரத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனார்.

இந்தத் தடவை சரணேலிஸ் கொக்கி இரண்டு வைத்து, கம்பியில் தானே தொங்கிப் பார்த்தார். கைகளை இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டார். எட்வின் வண்டியில் ஏறினார். கயிறு கழுத்தில் பட்டதும், முழுசாக ஆறாத புண் எரிந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வீட்டில் மனைவியிடம், கல்யாணக் காட்சி எடுக்கப்போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வேணாம்ணே" என்றாள் பத்மசீலி கீழிருந்து. "இறங்குங்க. நாம ஜெயிச்சாச்சு, போதும்."

"நீ என் காலைப் பார்த்துக்கிட்டே இரு தங்கச்சி. உதறினா ஓடி வா."

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். சக்கரம் உருண்டது. பலகை காலடியிலிருந்து நழுவியது. எட்வினின் பெருவிரல் அந்தப் பலகையைத் தேடுவதுபோல ஒரு தடவை கீழே நீண்டது. அப்புறம், எதையோ நினைத்துக்கொண்டதுபோல, தானாக மடங்கிக்கொண்டது. முகத்தில் வேறொன்றும் இல்லை. கண்கள் அப்புஹாமியின் மனைவியாக நின்ற பத்மசீலியைப் பார்த்தன. அவள் பார்க்கக் கூடாது என்பதுபோல மெல்லத் திரும்பிக்கொண்டன.

பத்மசீலி மூச்சைப் பிடித்துக்கொண்டு கால்களையே பார்த்தாள். அவை அசையவில்லை. சும்மா இருக்கிறாரா, போய்விட்டாரா? ஓடுவதா, நிற்பதா? ஓட அடியெடுத்தபோது தென்னக்கோனின் "கட்" கேட்டது. ஆனால் அந்தச் சொல் வழக்கம்போல உரத்து வரவில்லை.

இறக்கியதும் எட்வின் மரத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார். பிளேன் டீ கொடுத்தார்கள். பத்மசீலி தம்ளரைப் பிடித்துக் குடிக்கவைத்தபடியே திட்டினாள். "பொஞ்சாதிக்கிட்ட இன்னைக்கே நான் சொல்லப்போறேன், பாருங்க."

"சொல்லு. ஆனா சோத்தைத் தின்னப்புறம் சொல்லு. முன்னாடி சொன்னா சோறு கிடைக்காது."

தென்னக்கோன் தள்ளி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து, "அந்தக் கால் விரல்… அதை எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"போன தடவை பலகையைத் தேடினேன் மாத்தயா. எட்வின் தேடிக்கிட்டே இருந்தான். அப்புஹாமின்னா ஒரு தடவையோட விட்டிருப்பான்."

படத்தில் இரண்டாவது ஷாட்தான் வந்தது. நடிப்புக்கான பரிசு, மகனாக வந்த கதாநாயகப் பையனுக்குக் கிடைத்தது. எட்வினைப் பற்றிப் பத்திரிகைகள் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த மாதமே வேறொரு படத்தில் அவரைக் காய்ச்சலில் சாகக் கூப்பிட்டார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டுதானே சாகவேண்டும் என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே ஒப்புக்கொண்டார்.