பொம்மை நோட்டில் இருபத்தொன்று

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பொம்மை ரூபாய் நோட்டு ஆறு கட்டு கேட்டாள்.

"கொழந்தைக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்லிங்க, எங்கம்மாவுக்கு."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன். "முந்நூற்று அறுபத்தைந்து படிகளிலும் வெயில் ஏறிக்கொண்டிருந்த" (வேண்டாம். எங்கள் ஊர்க்காரன் எவன் எழுதினாலும் முதல் வரியிலேயே மலை ஏறிவிடுகிறான்.)

"கன்னியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயதில் பிளாக்ஜாக் சீட்டாட்டம் ஆடத் தெரிந்துபோனது." (இது இருக்கட்டும்.)

கன்னியம்மாள் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறாள். கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் மோகனப்ரியா. அவளும் பள்ளிக்கூட நாளிலிருந்து தறியில் நின்றவள்தான். இப்போது சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் படிக்கிறாள். சொகுசுக் கப்பலில் சூதாட்ட மேசைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போடும் வேலைக்கான படிப்பு. வரும் திங்கட்கிழமை தேர்வு. தேறினால் ஒன்பது மாதம் கடலில்.

ஒரு வார லீவில் ஊருக்கு வந்தவளுக்கு வீட்டில் பழக ஓர் ஆள் வேண்டும். மதியம் கரண்ட் போய்த் தறிச் சத்தம் ஓய்ந்ததும், பொம்மை நோட்டுக் கட்டுகளை அம்மா முன்னால் வைத்தாள்.

3

"இன்னாடி ஆட்டம் இது?"

"இருபத்தொண்ணுக்குக் கிட்ட வரணும்மா, தாண்டினா போச்சு. படம் போட்டதெல்லாம் பத்து. நீ ஆட வந்தவ, நான் கப்பல்காரி. என் கை வாய்க்கோ தலைக்கோ போவக்கூடாது. சீட்டுல ஈரம் பட்டா அடையாளம் வைக்கிறோம்னு அப்பவே வெளிய அனுப்பிடுவாங்க."

முதல் நாள் கன்னியம்மாள் மூவாயிரம் தோற்றாள். சோறு இறங்கவில்லை.

"பொம்மத் துட்டும்மா அது."

"ஆங், துட்டுதான் பொம்ம. தோத்தது நான்தான?"

மறுநாள் ஜெயித்தாள். அதற்கும் கலங்கினாள். "அங்க வர்றவன் தோத்துகினே இருப்பான், நீ வாரிகினே இருப்பியா? அவன் வயித்தெரிச்சல் உன்ன சும்மா உடுமா?"

(ஒரு சந்தேகம் எனக்கே வந்தது: இவளுக்கு இவ்வளவு சீக்கிரம் ஆட்டம் பிடிபடுமா? இரண்டாயிரம் இழையில் எது அறுந்தது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்கிற கண் அது. பிடிபடும்.)

4

அந்தக் கண்தான் வினையாகிவிட்டது. நான்காம் நாள் மகளின் கட்டைவிரல் நாக்கைத் தொட்டுவிட்டுச் சீட்டுக்கு வந்தது. அறுந்த இழையை முறுக்கி ஒட்டும் முன் விரலை நாக்கில் வைப்பது தறிக்காரர்களின் பழக்கம். யாரும் சொல்லித் தருவதில்லை, செய்கிறவருக்கே தெரிவதுமில்லை.

(பயிற்சிக்கூடத்தில் கவனிக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். அங்கே அவள் பயந்து பயந்து மெதுவாகப் போட்டிருப்பாள். வேகம் வந்தால்தான் கை தறிக்குத் திரும்புகிறது. வேகம் இந்த வாரம்தான் வந்தது.)

சொல்லிவிடத்தான் கன்னியம்மாள் வாயைத் திறந்தாள். "இன்னோரு சீட்டு குடு" என்றுதான் வந்தது.

ஐந்தாம் நாள் எண்ணினாள். பதினொரு தடவை. ஆறாம் நாள் எண்ணப் பயமாக இருந்தது. சொன்னால் மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இங்கேயே, பக்கத்துத் தறியிலேயே இருப்பாள். மகள் தோற்றுவிடுவாளோ என்பதைவிட, தோற்றால் நல்லது என்று நினைக்கிறோமே என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை மலையேறிப் போய் முருகன் முன்னால் நின்றாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

5

முடிவு அ. சொல்லிவிடுகிறாள். மகள் விரலை அடக்கித் தேறுகிறாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்புகிறாள். (எழுதி முடித்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. அதனாலேயே நான் நம்பவில்லை.)

முடிவு ஆ. சொல்லவில்லை. மாலை வண்டியில் மகள் திரும்பி வருகிறாள். "இன்னா தப்பு பண்ணேன்னே தெரிலம்மா, பாதியிலயே போதும்னுட்டாங்க." அம்மா தலையைத் தடவி, "போனா போவுது, உடு கண்ணு" என்கிறாள். பிறகு தட்டில் சோறு போட்டு, அவள் எதிரில்

இதற்கு மேல் எழுத வரவில்லை.

6

ஏன் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். என் மகன் அசோக்குமார் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதி, சரிபார்க்க என்னிடம் கொடுத்தான். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. பார்த்தேன். "எல்லாம் சரியா இருக்குடா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது இங்கேயே கடை வைத்திருக்கிறான். தினமும் மதியம் என்னோடுதான் சாப்பிடுகிறான். "நமக்கு ராசியில்லப்பா" என்று எப்போதாவது சொல்வான். நான் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்துவேன். ஒன்பது வருஷமாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே கன்னியம்மாள் விஷயத்தில் என் பேனாவை நம்பாதீர்கள். நான் முடித்தால் எனக்குச் சாதகமாகத்தான் முடிப்பேன்.

திங்கட்கிழமை காலை. திருத்தணி ஸ்டேஷனில் சென்னை வண்டி நிற்கிறது. மோகனப்ரியா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே கன்னியம்மாள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறாள்.

"மோகனா, ஒண்ணு சொல்லணும்."

"இன்னாம்மா?"

அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பச்சை விழுந்துவிட்டது.