ஏழாம் வளைவின் நிழல்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ரயில் நிற்பதற்கு முன்பே இறங்குகிற ஆள் நான். சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஸ்கூட்டரை நாலடி நகர்த்தியிருப்பேன். பெயர் காலேப், வயது முப்பத்து நான்கு, இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. இப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் கார் பந்தய விளையாட்டில் இறங்கினால் என்ன செய்வான்? ஒவ்வொரு வளைவிலும் கடைசி நொடியில்தான் பிரேக்கை மிதிப்பான். மிதித்துவிட்டு மண்ணில் போய் நிற்பான்.

நான் இரண்டு வருஷம் மண்ணில் நின்றேன். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் ஸ்டீயரிங்கை முடுக்கி வைத்திருந்தேன். மறுமுனையில் என் மனைவி தபீதாள் பரீட்சைத் தாள் திருத்துவாள், ஸ்கூல் டீச்சர். நான் பிரேக்கை உதைத்தால் மேஜை அவள் பக்கம் எகிறும்.

“நீங்க போடற பிரேக்குக்கு நான் சரியான விடையெல்லாம் அடிச்சுகிட்டு இருக்கேன்” என்பாள்.

நேரம் குறையவே இல்லை. அதற்கான காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். தாமதமாகப் பிரேக் பிடித்தால் வளைவுக்குள் வேகமாக நுழையலாம், ஆனால் கார் திரும்பாது. அதைத் திருப்பி நேராக்குவதற்குள் அடுத்த நேர்ச்சாலையில் பாதி போய்விடும். கொஞ்சம் முன்னாலேயே பிடிக்க வேண்டும். கார் திரும்பத் திரும்ப, காலை மெதுவாகப் பிரேக்கிலிருந்து எடுக்க வேண்டும். உள்ஓரத்தைத் தொட்டதும் ஆக்ஸிலேட்டரில் ஏறிவிட வேண்டும். என் மூளை இதை ஒரே நாளில் ஒத்துக்கொண்டது. என் கால் ஒத்துக்கொள்ள எட்டு மாதம் பிடித்தது.

சேலையூரில் ஏகநாதன் என்பவர் ஒரு கேமிங் சென்டர் நடத்துகிறார். இந்த வருஷம் ஒரு போட்டி வைத்தார். ஜெயிப்பவர் ஒரு நாள் முழுக்க நிஜமான தளத்தில் நிஜமான பந்தயக் கார் ஓட்டலாம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. சொந்தமாக ஒரு பழைய கார்கூட இல்லாதவனுக்கு இந்த ஆசை எதற்கு என்று என் மாமனார் கேட்டார். வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும் என்று இரவும் பகலும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

நாற்பது பேரில் மூன்று பேர் இறுதிச் சுற்றுக்கு வந்தோம். நான், கல்லூரியில் படிக்கும் விக்கி, அப்புறம் நிஷா. நிஷாவுக்கு இருபத்து மூன்று வயசிருக்கும். சொந்த ஊர் கோவளம் பக்கம் ஒரு குப்பம், இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறாள். அவள் அம்மா மீன் விற்கிறார். இவள் மேடவாக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறாள். வேலைக்குப் போவதற்கு முன் காலை ஏழு மணிக்கே சேலையூர் வந்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் போவாள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்கிறாய் என்று யார் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் பொய்யாகத்தான் இருக்கும். பத்து மீட்டர் கூட்டியோ குறைத்தோ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வோம். கேட்டவனும் ரொம்ப தேங்க்ஸ் மச்சான் என்று தலையாட்டிவிட்டு, அதில் ஒரு எழுத்தைக்கூட நம்பாமல் போவான். யாருக்கும் மனவருத்தம் கிடையாது.

போட்டிக்கான தளத்தில் ஏழாம் வளைவுதான் எல்லோரையும் சாய்த்தது. நீளமான நேர்ச்சாலை, அதன் முடிவில் இறக்கம், இறக்கத்திலேயே வலது பக்கம் திரும்ப வேண்டும். ஓரத்தில் நூற்றைம்பது மீட்டர் பலகை ஒன்று, நூறு மீட்டர் பலகை ஒன்று. முதல் பலகையில் மிதித்தால் சீக்கிரம். இரண்டாவதில் மிதித்தால் மண். இரண்டுக்கும் நடுவில் அடையாளம் வைக்க ஒரு மரம்கூட இல்லை. இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் குத்துமதிப்பாகப் பிடித்தால் ஒரு தடவை சரியாக வரும், மறு தடவை வராது.

அடையாளத்தை நான்தான் கண்டுபிடித்தேன். தளத்துக்கு மேலே ஒரு நடைபாலம் போகிறது. அதன் நிழல் அந்த இரண்டு பலகைகளுக்கு நடுவில், சாலைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. முன் சக்கரம் நிழலில் ஏறும்போது மிதித்தால் கச்சிதமாக இருந்தது. முந்நூறு தடவையாவது அப்படி ஓட்டியிருப்பேன். கடைசியில் நிழலைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே கால் இறங்கும் நிலைமைக்கு வந்துவிட்டது.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேராக சென்டருக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் நிஷா. ஏழாம் வளைவில் நாலு தடவை மண்ணுக்குப் போனாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

“அண்ணா, ஏழாவதுல எங்க புடிக்கிறீங்க?”

பழக்கப்படி நான் நூறு மீட்டர் பலகை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் எப்படி இருப்பது?

“பாலத்தோட நிழல் விழுது பாரு. முன் சக்கரம் அதுல ஏறுறப்ப மிதி” என்றேன்.

“நிழலா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்தாள். “சரிண்ணா. தேங்க்ஸ்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்புறம், சொன்னது சொன்னதுதான், நல்லதுதானே செய்தோம் என்று தேற்றிக்கொண்டேன். உண்மையில் ஒரு வாரம் முழுக்க எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்திருந்தது.

சனிக்கிழமை போட்டி பதினொரு மணிக்கு. ஒன்பதுக்கே போய்விட்டேன், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஏகநாதன் கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றிக்கொண்டிருந்தார். பெரிய திரையில் தளம் ஓடியது. எனக்கு அது என்னவோ போல் இருந்தது. எல்லாம் மஞ்சளாக இருந்தது.

“சாயங்கால வெளிச்சம் வெச்சிருக்கேன் சார். வீடியோ எடுக்கறோம்ல, சும்மா தகதகன்னு தெரியும்” என்றார்.

நாங்கள் இத்தனை மாதமும் பயிற்சி செய்தது விளையாட்டுக்குள் இருக்கும் மதிய வெயிலில். திரையில் ஏழாம் வளைவு வரும்வரை காத்திருந்தேன். பாலத்தின் நிழல் அங்கே இல்லை. நகர்ந்து, நூறு மீட்டர் பலகையையும் தாண்டி, வளைவுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்திருந்தது. அதை நம்பி மிதிக்கிறவன் நேராக மண்ணுக்குத்தான் போவான்.

“மத்தவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“எதுக்கு சார்? அதே ட்ராக்தானே” என்றார் ஏகநாதன். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். போட்டி அன்று பயிற்சி கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அந்த நிமிஷத்திலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. முதலில் என் கணக்கைப் பார்த்தேன். நூற்றைம்பது பலகையைத் தாண்டியதும் மனசுக்குள் ஒரு சொடக்கு, பிறகு மிதி. சமாளித்துவிடலாம். அடுத்து நிஷாவின் ஞாபகம் வந்தது. அவளிடம் நிழலைப் பார்த்து மிதி என்று சொன்னவன் நான். இப்போது அவளைக் கூப்பிட்டு நிழல் நகர்ந்துவிட்டது என்று சொல்ல ஒரு வரி போதும்.

பத்தரைக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வரும்போதே எதிர்க்கடையில் இரண்டு டீ வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

“ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லண்ணா” என்றாள். “எங்கம்மா வேற, ஜெயிக்கலேன்னா வூட்டுக்கே வராதன்னு கலாய்க்குது.”

“நிஷா” என்றேன்.

“இன்னாண்ணா?”

டீ சூடாக இருந்தது. அவள் டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல. ஆல் தி பெஸ்ட்.”

வெளியே போய் வேளச்சேரி மெயின் ரோட்டில் நடந்தேன். மருந்துக்கடை வரை போவேன், திரும்பி வருவேன். நான் பொய் சொல்லவில்லையே, அன்றைக்குச் சொன்னது உண்மைதானே என்று வாதாடினேன். வெளிச்சத்தை மாற்றியது நானா? மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஏகநாதன் வேலை. ஐந்து தடவை மருந்துக்கடைக்குப் போய் வந்தேன். கடைக்காரர் என்ன சார் வேணும் என்று கேட்டுவிட்டார்.

ஆளுக்கு மூன்று சுற்று, அதில் நல்லது ஒன்று கணக்கில் வரும். விக்கி முதலில் ஓட்டினான். ஒரு நிமிடம் நாற்பத்து மூன்று விநாடி. அடுத்து நிஷா உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். பிறகு பொறுக்காமல் திரையைப் பார்த்தேன்.

முதல் சுற்று. நேர்ச்சாலையில் வந்தாள். நூற்றைம்பது பலகை போனது. நிழல் தூரத்தில் கிடந்தது. மிதிக்கமாட்டாள், நிழல் வரும்வரை மிதிக்கமாட்டாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மிதித்தாள். சரியான இடத்தில், நிழலுக்கு வெகு முன்னாலேயே மிதித்தாள். கார் பதறாமல் திரும்பி உள்ஓரத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்தது. இரண்டாவது சுற்றிலும் அதே இடம். மூன்றாவதிலும் அதே இடம். ஒரு நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

எல்லோரும் கைதட்டினார்கள். நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். நான் சொன்னதை இவள் நம்பவே இல்லை. வழக்கமான பொய் என்று நினைத்து அன்றைக்கே காற்றில் விட்டிருக்கிறாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், அதற்கு இந்த மரியாதையா? முக்கால் மணி நேரத்துக்கு முன் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இப்படிக் கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

அந்தக் கோபத்தோடேயே உட்கார்ந்தேன். முதல் சுற்றில் பயந்துபோய்ச் சீக்கிரமே மிதித்தேன். நாற்பத்து மூன்று. இரண்டாவதில் பலகை, சொடக்கு, மிதி. நாற்பத்து இரண்டு. இன்னும் அரை விநாடி குறைந்தால் போதும். மூன்றாவது சுற்றில் ஆறாம் வளைவு வரை நான் அவளைவிட வேகம், திரையில் பச்சை எண் தெரிந்தது. நேர்ச்சாலை வந்தது. பலகை போனது. சொடக்கும் போட்டேன். கால் இறங்கவில்லை. நிழல் எங்கே என்று அது காத்துக்கொண்டிருந்தது. நிழல் வந்ததும் சொல்லாமலே இறங்கியது. நான் மண்ணில் போய் நின்றேன்.

எழுந்து வெளியே வந்தேன். அந்த ஒரு நாள் போய்விட்டது, இனி வராது. அழுகை வரும்போல் இருந்ததால் சாலையில் போகிற பஸ்களின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நிஷா பின்னாலேயே வந்தாள். முகத்தில் ஜெயித்த சிரிப்பு இல்லை.

“அண்ணா, கடைசி ரவுண்டப் பாத்தேன். நீங்க நெசமாவே நிழல வெச்சுத்தான் புடிக்கிறீங்க.”

நான் இன்னொரு பஸ்ஸின் நம்பரைப் படித்தேன்.

“அன்னிக்கு நீங்க சொன்னப்ப, இன்னா இந்தாளு நிழலக் காட்டி நமக்கு கத வுடறாருன்னு நெனச்சேன். நம்ம குரூப்புல எவனும் உண்மையச் சொல்லமாட்டான்ல. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. நான் போய் உங்களத் தப்பா நெனச்சுட்டேன். ஸாரிண்ணா.” கொஞ்சம் நிறுத்தினாள். “என்னோடத சொல்றேன். பொய் இல்ல. இந்த ஒரு வாரமா நான் எதையும் பாக்கறதே இல்ல, காதாலதான் புடிக்கிறேன். ஆறாவது கியர்ல இன்ஜின் சத்தம் ஏறி, அதுக்குமேல ஏறாம நிக்கும்ல, அப்ப மிதிப்பேன். நீங்களும் அப்டி ஓட்டிப் பாருங்க.”

இவள் இதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் தாங்காது என்று தோன்றியது.

“நிஷா, வெளிச்சம் மாத்தினது எனக்கு ஒன்பது மணிக்கே தெரியும். நிழல் நகர்ந்துட்டதையும் பார்த்தேன். உன்கிட்ட சொல்லல.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“டீ குடிக்கிறப்பவா?”

“டீ குடிக்கிறப்பவும் தெரியும்.”

அவள் சாலையைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்ப ஸாரிய வாபஸ் வாங்கிக்கறேண்ணா” என்றாள். “அந்த சத்தத்த வாபஸ் வாங்க முடியாது. அத நீங்களே வெச்சுக்கோங்க.”

உள்ளே போய்விட்டாள். அவமானமாக இருந்தது. தோற்றதைவிட இது பெரிதாக வலித்தது. ஏகநாதன் கதவைத் திறந்து, மூன்று பேரையும் ஒரு போட்டோ எடுக்கணும், வாங்க சார் என்று கூப்பிட்டார். நிஷா நடுவில் நின்றிருந்தாள், அவளுக்கு ஒரு பக்கம் விக்கி. அவளுடைய மறுபக்கம் எனக்காகக் காலியாக இருந்தது. நான் சுற்றிக்கொண்டு போய் விக்கிக்கு அந்தப் பக்கம் நின்றேன்.