நாற்பது அட்டைகள்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு வீம்பு. ஆங்கிலத்தை விளையாடவிட்டுத்தான் சொல்லித்தருவாள், ஒப்பிக்கவிட மாட்டாள். பக்கத்து வகுப்பில் காலையிலிருந்து மாலை வரை ஒரே ராகத்தில் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். இவள் வகுப்பில் மேசைகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும். முப்பத்தொரு பிள்ளைகளும் தரையில் இருப்பார்கள். பழைய காலுறைகளைச் சுருட்டித் தைத்த பந்து ஒன்று வைத்திருந்தாள். அதைப் பிடிக்கிற பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்கு எறிய வேண்டும். ஒரு ட்ரேயில் சாவி, ரப்பர், ஸ்பூன் என்று ஏழெட்டுச் சாமான்களைப் பரப்பி, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி ஒன்றை ஒளித்துவைப்பாள்; எதைக் காணோம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வாயைத் திறக்காமல் தூங்குகிற மாதிரி, பல் தேய்க்கிற மாதிரி நடித்துக்காட்டுகிற ஆட்டமும் உண்டு. எதற்கும் பெரிய செலவில்லை, சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

எல்லாவற்றிலும் பெயர்போனது அட்டை ஆட்டம். நாற்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ஓர் ஆங்கில வார்த்தை. படம் கிடையாது. படம் போட்டால் பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஏமாற்றிவிடும் என்று கெட்டிக்காரத்தனமாக யோசித்து விட்டுவிட்டாள். அட்டைகளைத் தரையில் பரப்பி, கோட்டுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, 'மில்க்' என்பாள். முதலில் ஓடிப்போய் அந்த அட்டையை உள்ளங்கையால் அடிக்கிற பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். அதைச் சுவரில் தொங்கும் பட்டியலில் பெயருக்கு நேரே ஒட்டுவாள்.

பிள்ளைகள் பின்னியெடுத்தார்கள். ராக்கெட் என்று எல்லாரும் கூப்பிடும் பையன் ஒருவன் இருந்தான். வார்த்தை டீச்சர் வாயிலிருந்து முழுதாக வருவதற்குள் அடி விழுந்திருக்கும். அவனுக்கு மட்டும் அறுபத்து மூன்று நட்சத்திரங்கள். தலைமையாசிரியை அந்த வகுப்பைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். பள்ளிக்கு யார் வந்தாலும் நேரே அங்கேதான் கூட்டிப்போவார். அடுத்த வாரம் வேறு பள்ளிகளிலிருந்து பன்னிரண்டு ஆசிரியர்கள் இந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வருவதாக ஏற்பாடு. டீச்சருக்கும் மனசுக்குள் குளிர்ச்சிதான், இல்லையென்று சொன்னால் பொய்.

பட்டியலில் ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் காலியிடம். அந்தச் சிறுமி பள்ளி திறந்து மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தவள். அவள் அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை கிடைத்து, ஊர் மாறி வந்திருந்தார்கள். எதைச் செய்தாலும் ஆற அமரத்தான் செய்வாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க ஒரு நேரம், மூட ஒரு நேரம். ஆசிரியர்கள் அறையில் யாரோ வேடிக்கையாக நிதானம் என்று சொல்ல, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அட்டை ஆட்டத்தில் எதிராளி பாய்ந்துவிடுவான். இவள் "இருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஒவ்வோர் அட்டையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் அடியும் விழுந்து நட்சத்திரமும் ஒட்டியாகியிருக்கும். எத்தனை மாதம்தான் ஒரு பிள்ளை சும்மா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்? வருஷக் கடைசி வந்தது. நிதானத்தை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் நிறுத்திவைப்பது என்று டீச்சர் முடிவெடுத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். காரணம் என்ற இடத்தில் 'வார்த்தைகளை அடையாளம் காண இயலவில்லை' என்று எழுதியிருந்தாள். தலைமையாசிரியை ஒப்பம் போட்டாகிவிட்டது. அம்மா வந்து கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி; வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் டீச்சரின் கணவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். அவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. மனைவியின் பையில் நைந்து, மூலை கிழிந்து, டேப் ஒட்டிக் கிடந்த நாற்பது அட்டைகளையும் பார்த்துப் பொறுக்காமல், தொழிற்சாலையிலிருந்து வெள்ளை வெளேரென்று நாற்பது அட்டைகளை ஒரே அளவில் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். வெளியூர் ஆசிரியர்கள் வரும்போது இந்தக் குப்பையையா காட்டுவாய் என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, பழையதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டும் விட்டார். ஆர்வக்கோளாறு என்று டீச்சர் சிடுசிடுத்தாலும், உள்ளூரச் சந்தோஷம்தான். மதிய இடைவேளையில் சாப்பாட்டைக்கூட அரைகுறையாக முடித்துவிட்டு, நாற்பதையும் அழகாக எழுதி முடித்தாள்.

இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதலில் ராக்கெட்டும் அவன் கூட்டாளியும். டீச்சர் 'மில்க்' என்றாள். இரண்டு பேரும் பாய்ந்தார்கள். பாய்ந்தவர்கள் அட்டைகளுக்கு நடுவில் போய்த் திருதிருவென்று விழித்தார்கள். ராக்கெட் ஓர் அட்டையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தான். இன்னொன்றைப் புரட்டினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

விளையாட்டுக் காட்டுகிறான் என்று டீச்சர் ஒரு அதட்டல் போட்டு, அடுத்த ஜோடியை அழைத்தாள். அவர்களும் அப்படியே. அதற்கடுத்த ஜோடியில் ஒருத்தி குருட்டாம்போக்கில் ஓர் அட்டையை அடித்தாள். 'டோர்' என்று கூப்பிட்டதற்கு 'ஃபிஷ்' கிடைத்தது. எல்லாரும் சேர்ந்து வம்பு செய்கிறார்கள் என்று டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்து மாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தவர்களுக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது என்று குரலை உயர்த்தினாள்.

ராக்கெட்டுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "மில்க்ல டீக்கறை இருக்கும்ல டீச்சர்? இதுல எதுலயுமே கறை இல்ல. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவன் சொன்னதுதான் தாமதம், மற்றவர்களும் டீச்சருக்கு உதவிக்கு வந்துவிட்டார்கள். டோருக்கு ஒரு மூலை இருக்காது. ஃபிஷ்ஷின் நடுவில் டேப் ஒட்டியிருக்கும். ரெட் அட்டையை யாரோ கடித்திருப்பார்கள், பல் பதிந்திருக்கும். புக் மடிந்த அட்டை. ஆளுக்கொன்றாக, பெருமையாக, நாற்பதையும் சொன்னார்கள். ஒளித்துவைக்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. அட்டையை அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். காதால் கேட்டால் பாலென்றும் மீனென்றும் எல்லாருக்கும் பொருள் தெரியும். எழுதியதைப் பார்த்துப் படிக்கத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. டீச்சர் சுவரோரம் கிடந்த மேசை ஒன்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சும்மா இருக்கக்கூடாதே என்றுதான் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டாள். நிதானத்தின் முறை. 'மில்க்' என்று சொன்ன டீச்சரின் குரலில் சுரத்தே இல்லை.

"இருங்க டீச்சர்" என்றாள் நிதானம். எதிராளி இந்த முறை எங்கேயும் பாயவில்லை, அவனும் நின்று வேடிக்கை பார்த்தான். அவள் குனிந்து, உதடு லேசாக அசைய, ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஆறாவதோ ஏழாவதோ அட்டையில் நின்றாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். அடிக்கக்கூட இல்லை, வைத்தாள். மில்க்தான்.

டீச்சர் 'டோர்' என்றாள். கை டோர்மேல் போனது. 'ரெட்' என்றாள். 'விண்டோ' என்றாள், அது நீள வார்த்தை, அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது, ஆனாலும் அதையும் எடுத்தாள். டீச்சர் எதிராளியை உட்காரச் சொல்லிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக இருபது வார்த்தைகள் கேட்டாள். வகுப்பில் அப்படி ஓர் அமைதியை அவள் பார்த்ததே இல்லை. பதினெட்டு சரி. தவறிய இரண்டிலும் முதலில் ஒன்றின்மேல் கை வைத்து, மறுபடி பார்த்து, அவளாகவே தலையை ஆட்டிக் கையை எடுத்துக்கொண்டாள்.

மணி மூன்றே கால். டீச்சர் வகுப்பைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைமையாசிரியை அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நடந்ததை மென்று விழுங்காமல் முழுதாகச் சொன்னாள். தலைமையாசிரியை கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்போ என்ன செய்யச் சொல்றீங்க? அந்த ஒரு பொண்ண மேல அனுப்பிட்டு, மிச்ச முப்பது பேரையும் நிறுத்திவைக்கவா?"

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. ஐந்து மாதமாக ஊரெல்லாம் சொல்லிவைத்த வகுப்பு இப்படி ஆனதில் அவருக்கும் முகம் தொங்கிப்போனது. வெளியில் யாருக்கும் தெரிய வேண்டாம், படிவத்தை மட்டும் சத்தமில்லாமல் கிழித்துப் போடுங்கள், புது அட்டைகளிலும் அட்டைக்கொரு அடையாளம் போட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், மீதியை மூன்றாம் வகுப்பு ஆசிரியை பார்த்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். ஒரு நிமிஷம் டீச்சருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஐந்து மாதப் பெயர், பன்னிரண்டு ஆசிரியர்கள், இத்தனைக்கும் மேலே சுவர் நிறைய நட்சத்திரங்கள். ஆனால் ஒப்பம் போட்ட படிவத்தைச் சும்மா கிழிக்க முடியாது, திரும்பப் பெறுவதற்குக் காரணம் எழுதித்தான் ஆக வேண்டும் என்று அலுவலக எழுத்தர் சொல்லிவிட்டார். கொடுத்த தாளில் இரண்டு வரிதான் இடம் இருந்தது. 'இந்த மாணவிக்கு வார்த்தைகளைப் படிக்கத் தெரியும். வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை, தவறு என்னுடையது' என்று டீச்சர் எழுதினாள். அடுத்த வார ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள், வருஷம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அதற்குள் முப்பது பேரையும் படிக்கவைத்துவிடுகிறேன் என்றாள். தலைமையாசிரியை தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, முத்திரை குத்தினார்.

நான்கு மணிக்கு நிதானத்தின் அம்மா வந்தாள். வேலை உடுப்போடு, அரை மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கைவிரல்கள் வெந்நீரில் ஊறி வெளுத்திருந்தன. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், பேனா நானே கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். பெண்ணைப் பற்றிக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை, அல்லது கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

டீச்சர் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கையெழுத்து வேண்டாம், உங்கள் பெண் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள் என்றாள். பிறகு கறையையும் டேப்பையும் கிழிந்த மூலையையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். வகுப்பிலேயே உங்கள் பெண் ஒருத்திதான் படித்துப் பார்த்து எடுத்தாள், எனக்குத்தான் அது தெரியவில்லை, என்னை மன்னிச்சிடுங்க என்று வெளிப்படையாகவே கேட்டாள்.

அந்த அம்மா சந்தோஷப்படுவாள், இல்லையென்றால் சண்டைக்கு வருவாள் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"போன மாசம் நோட்டுல எழுதி அனுப்பினீங்களே டீச்சர், ஆட்டத்துல கவனமே இல்லன்னு. அன்னிக்கு இவகிட்ட கேட்டேன். எல்லாரும் அழுக்கப் பாத்து ஓடறாங்கம்மா, நான் படிச்சுட்டு ஓடறேன், அதான் லேட்டாகுதுன்னா. தான் தோத்துட்டு மத்த பிள்ளைங்க மேல பழி போடறாளேன்னு எனக்கு ஆத்திரம். ரெண்டு அடி வெச்சேன்."

அம்மா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"உனக்குத்தான் அழுக்கு தெரியுதுல்ல, நீயும் அதப் பாத்து ஓட வேண்டியதுதானேன்னு கேட்டேன். அதுக்கும் அழுதுக்கிட்டே பதில் சொன்னா. டீச்சர் எழுத்தப் பாத்துதான் எடுக்கணும்னு சொன்னாங்கன்னு."

டீச்சர் சொல்லியிருந்தாள்தான். சிறுமி வந்து சேர்ந்த முதல் நாள், ஆட்டத்தை விளக்கும்போது, போகிறபோக்கில் ஒரே ஒரு முறை. சொன்னது டீச்சருக்கே மறந்துபோயிருந்தது. ஐந்து மாதமாக ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு தினமும் தோற்றிருக்கிறாள், அதற்காக வீட்டில் அடியும் வாங்கியிருக்கிறாள். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரே இருந்தவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நடைவழியில் பெஞ்சில் அந்தச் சிறுமி புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே தன்னை நிறுத்திவைக்கக் கையெழுத்து நடக்கிறது என்றே அவள் நினைத்திருக்க வேண்டும். சன்னல் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. இரண்டு பெண்களும் எழுந்து கதவு வரை வந்தார்கள். யார் முதலில் போவது, போய் அவளிடம் என்ன சொல்வது என்று இருவருக்குமே தெரியவில்லை.