ஐந்தாவது டப்பா

வியாழன்

மழலையர் ஆசிரியைப் பயிற்சிக்காக சனி, ஞாயிறு மாலைகளில் திண்டிவனம் போய்வருகிறேன். இந்த மாதச் செய்முறை, வீட்டில் வாசனையை வைத்துக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவது. நடந்ததைத் தினமும் படிவத்தில் நிரப்பி ஒப்படைக்க வேண்டும்; இந்த நோட்டு எனக்கு மட்டும்.

எங்கள் கூடத்தில் மாலைப் பாடத்துக்கு ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஐந்து டப்பாவுக்கு எண் ஒட்டி, மூடியில் துளை போட்டு, ஆளுக்கொன்று கொடுத்தேன்.

"உங்க வீட்டு வாசனை ஒண்ணு போட்டுக்கினு வாங்க. அது பேரை எழுதி அடியில ஒட்டிடுங்க. நான் கண்ணைக் கட்டிக்கினு கண்டுபிடிக்கிறேன்."

ஐந்தாம் எண் ரோஜாவுக்கு. வயது ஏழு. பலகையைப் பார்த்து எழுதுவாள்; தானாக ஒரு சொல்கூட எழுதியதில்லை. பள்ளியில் மறுபடி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டார்கள். இதிலும் எழுதாவிட்டால் குறை அவளிடமா, என்னிடமா? எனக்குத் தெரியவில்லை.

வெள்ளி

மாலை ஐந்தரை. உள்ளே அம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் அவள் எதையும் வாயில் வைக்க மாட்டாள்.

முதல் நான்கும் சுலபம்: காபித்தூள், கற்பூரம், வறுத்த மல்லாக்கொட்டை, பெருங்காயம். ஐந்தாவதற்குக் குனிந்தேன்.

"சீ!"

என் கை பட்டு டப்பா உருண்டது.

"சித்தி, செத்த எலி!" என்றான் அக்காள் மகன் அபிநந்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

"எலி ஒண்ணும் இல்ல. கருவாடு," என்றாள் ரோஜா. "எங்கம்மா விக்கிறது. நல்ல நெத்திலி."

கண்கட்டை அவிழ்த்தேன். அம்மா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. பினாயில் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இனி காலைவரை பட்டினி.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்று ரோஜாவிடம் சொன்னது அம்மா இல்லை. நான்தான்.

துடைத்து முடித்தபின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'கருவாடு'. நான்கு எழுத்தும் மேடு ஏறுவதுபோல் சாய்ந்திருந்தன. அவள் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. இது அவளே எழுதியது. பினாயில் பட்டு மை கலங்கத் தொடங்கியிருந்தது.

சனி

வகுப்புக்குப் போகும் வழியில், திண்டிவனம் மார்க்கெட் வாசலில் ரோஜாவின் அம்மா கூப்பிட்டார்.

"என்னா டீச்சரம்மா, எம் பொண்ணு எழுதுதா? டீச்சருக்குன்னு கூடையைக் கொட்டி நல்லதாப் பொறுக்கிக்கினு வந்துச்சு!"

அவருக்கு எதுவும் தெரியாது. ரோஜா சொல்லவில்லை.

"எழுதுறா," என்றேன்.

"நல்லா இருப்ப, போம்மா."

வகுப்பு வரை வேகமாக நடந்தேன். 'நாற்றத்தைத்தான் சீ என்றேன், அவளை இல்லை' என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன்.

புதன்

திங்களும் செவ்வாயும் ரோஜா வரவில்லை. இன்று வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள், வாசல் ஓரமாக உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்ப மோந்து பாருங்க."

அவள் கொண்டுவந்த புது டப்பாவில் குளிக்கும் சோப்பில் ஒரு துண்டு. அடியில் 'சோப்பு' என்று நேராக எழுதியிருந்தாள்.

"இதுதான் உங்க வீட்டு வாசனையா?" கேட்டிருக்கக் கூடாது.

"ஆமாங்கா." இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நாத்தம் இல்லல்ல?"

"இல்லம்மா," என்றேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: குழந்தை முதன்முதலில் தானாக எழுதிய சொல். 'சோப்பு' என்று நிரப்பி, இன்றைய தேதி போட்டேன். வெள்ளிக்கிழமை வரிசையில், ஐந்தாவது டப்பாவுக்கு நேரே, 'கொண்டுவரவில்லை' என்று எழுதினேன்.