முட்டிக்கு இடம்

கார்த்திக்ராஜ் ரேஸ் வண்டியில் ஏறிக் குனிந்ததுமே அவன் முட்டி இரண்டும் டாங்கில் இடித்தன. இறங்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி மறுபடி ஏறினான். மறுபடியும் இடித்தது. தேவாரம் ரோட்டில் மனை போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட் அது. ஒரு வீடுகூட வரவில்லை, தார் ரோடு மட்டும் வழவழவென்று கிடக்கிறது. போடியிலிருந்து குட்டியானை வேனில் ஏற்றி வந்திருந்தோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் கிறிஸ்டோபர் பின்னால் நின்று வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார். என்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்தபோதுகூட அவ்வளவு பதனமாகக் கூட்டிவரவில்லை.

கிறிஸ்டோபர் ஒரு பைக் கம்பெனியில் டிசைன் போடும் வேலையில் இருந்தவர். அங்கே ஒரு கண்ணாடியை வரையவே பத்துப் பேர் உட்காருகிறார்கள், முழு ரேஸ் வண்டியை நான் ஒருத்தனே செய்துகாட்டுகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். வந்து சேர்ந்த இடம் எங்கள் அப்பாவின் ஏலக்காய்க் கடை. முன்பக்கம் நான் காய் தரம் பிரிப்பேன், பின்னால் குடோனில் அவர் தகடு தட்டுவார். எஞ்சின் மட்டும்தான் பழைய வண்டியிலிருந்து எடுத்தது. பைப்பை வளைத்து சேசிஸ் செய்ததும், அலுமினியத் தகட்டை மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டி டாங்க் ஆக்கியதும் அவர் கைதான். உலகத்தில் இந்த வண்டி ஒன்றே ஒன்று. இரண்டாவது செய்தால் நான் பொறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இருப்பதே பொறந்த வீடுதான், அது வேறு.

தட்டத் தட்ட யாராவது ஏறிப் படுத்துப் பார்க்கவேண்டும். வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? ‘எப்சி, ரெண்டு நிமிசம் வந்துட்டுப் போ’ என்று குரல் வரும். வியாபாரியை நிற்கவைத்துவிட்டுப் போய், திட்டிக்கொண்டே தவளை மாதிரி குப்புறக் கிடப்பேன். ஒருநாள் வீட்டு ஜெபத்துக்கு வந்த பாஸ்டர் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டார். பாவம், என்ன கேட்பதென்று தெரியாமல் வண்டிமேல் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ரேஸ் ஓட்டுகிறவன் எவனானாலும் என்னைவிட ஒரு சாணாவது உயரமாக இருப்பான் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. இவ்வளவு படித்த மனுஷன், பெண்டாட்டி அளவுக்கு ரேஸ் வண்டி செய்து வைத்திருக்கிறார்.

கார்த்திக்ராஜ் கெங்குவார்பட்டிக்காரன், கோயம்புத்தூர் ட்ராக்கில் ஓட்டுகிறவன். பேர் தெரியாத ஆள் செய்த வண்டியில் ஏறச் சம்மதித்தது அவன் ஒருத்தன்தான். வருகிற ஞாயிறு ரேஸ். அவனும் மாட்டேன் என்றால் இது மறுபடி குடோனுக்குத்தான் போகும். டாங்கின் இரண்டு பக்கமும், முட்டிக்குழியின் குறுக்கே, அவன் சாக்பீஸால் கோடு போட்டான்.

“இதுவரைக்கும் வெட்டி உள்ள தள்ளீட்டா ஓட்டிருவேன்ணே. எஞ்சின் தங்கம். மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க.”

கிறிஸ்டோபர் டாங்கைத் தடவிக்கொண்டே நின்றார். வெட்டாவிட்டால் அவர் பட்ட பாடெல்லாம் வீண். அது தெரிந்தும், தகரத்துக்காக ஒருத்தி அழுவாளா என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். ஏச ஏச அழுகைதான் வந்தது.

“வெட்டுங்க,” என்றேன்.

“நீ ஒருதடவ ஓட்டிட்டு வா எப்சி. பொறவு வெட்டுறேன்.”

அப்பாவின் பைக்கில் காய் மூட்டை கொண்டுபோய்ப் பழகியவள் நான், கியர் புதுசில்லை. கார்த்திக்ராஜ் தன் ஹெல்மெட்டை மாட்டிவிட்டான். இத்தனை வருஷம் ஸ்டாண்டில் நின்றபடியே என்னைச் சுமந்த வண்டி முதல்முறையாக எனக்கடியில் ஓடியது. மனைக்கற்கள் சரசரவென்று பின்னால் போயின. வளைவில் சாய்ந்தபோது பயமே வரவில்லை. முட்டி தானாகப் போய் அதன் குழியில் உட்கார்ந்துகொண்டது. திட்டிக்கொண்டு கிடந்த நேரமெல்லாம் இந்த மனுஷன் என்னை இப்படியா பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். ஹெல்மெட்டுக்குள் தாரை தாரையாக அழுதேன். இன்னொரு சுற்றும் போனேன்.

திரும்பி வந்து இறங்கியபோது டாங்கில் கோட்டைக் காணோம். இரண்டு பக்கமும் அழிந்துபோயிருந்தது. கார்த்திக்ராஜ் குனிந்து தேடினான். அவன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, அவன் முட்டி இடித்த இடத்தில் நானே மறுபடி போட்டேன்.

நிமிர்ந்தால், கிறிஸ்டோபர் கோட்டைப் பார்க்கவில்லை. என் கறுப்புச் சுடிதார் முட்டியில் அப்பியிருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிவிடக் குனிந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.